பெரும்போர் கேட்டதற்கு விளக்க ஓலை

மழை பெய்க, மடை நிறைக, ஆற்றின் இரு கரையிலும் ஏர் நடக்க.

கடம்பாற்றின் கீழ்கரையை ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், எழுபது ஏரிக்குக் கரை உயர்த்தியவரும், யானை மிரண்டாலும் குரல் உயர்த்தாதவர் என்று அயலாரும் சொல்லப் பெயர் எடுத்தவருமாகிய தாமரைக்கால் நாட்டு வேந்தர் பெருமடைக்கோன் அவர்கள் திருமுன்புக்கு, மேல்கரைச் செம்பரம்பு நாட்டு அரசி பூதிநங்கையார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் மாசாத்தன் எழுதும் ஓலை.

தங்கள் கோட்டையும் கொற்றமும் நலமாக இருக்க வேண்டும். பட்டத்து யானையின் கால்புண் ஆறியிருக்க வேண்டும். இளவரசியாருக்கு முதற்பல் முளைத்த செய்தி எங்களுக்கும் எட்டியது. வறட்சிக்கு நடுவிலும் அரண்மனை வாசலில் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுத்தோம்.

தாங்கள் இவ்வோலையைப் பிரிக்கும்போதே மனத்தில் இருக்கும் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறோம். தங்கள் சேனாபதி ஏனாதி காரிதாயன் உயிரோடு இருக்கிறார். அவர் சிறைப்படவில்லை; கட்சி மாறவும் இல்லை. அவரோடு ஆற்றைக் கடந்த வீரர் அனைவரும் நலம். உயரத்திலிருந்து விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்டவர் ஒருவர், தேள் கொட்டியவர் ஒருவர். வேறு யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. தாங்கள் இட்ட ஆணைப்படி ஏனாதி இங்கே போர் நடத்திவருகிறார். எந்தப் போர் என்பதில்தான் சற்று விளக்கம் தேவைப்படுகிறது.

அந்த விளக்கத்தை எழுத உட்கார்ந்தபோது அரசியார் ஒரு கட்டளை இட்டார். பேசியதைப் பேசியபடியே எழுதும்படியும், அரண்மனைத் தமிழுக்கு மாற்றினால் அங்கே மறுபடியும் வேறொன்றாகப் படித்துவிடுவார்கள் என்றும் அருளினார். ஆகையால் ஊரார் பேச்சு ஊரார் பேச்சாகவே இவ்வேடுகளில் வரும். தங்கள் புலவர்கள் முகம் சுளித்தால், அரசியார் ஆணை என்று சொல்லிவிட வேண்டுகிறோம்.

சென்ற ஆடிக் கடைசியில் எங்கள் எல்லையூராகிய ஆனைத்துறையிலிருந்து தங்களுக்கு ஓர் ஓலை வந்தது. அதன் வாசகம் இது: “முன் ஓலையிற் கண்டபடி, எம்மிடம் இருந்த போர் அனைத்தும் தீர்ந்தன. ஆவணி முடியுமுன் தங்களிடம் போர் வேண்டுகிறோம். சிறுபோர் எமக்குப் போதாது, பெரும்போரே வேண்டும். துறைக்குக் கொண்டுவந்தால் எதிர்கொள்ள ஊரே காத்திருக்கிறது. தாமதித்தால் நாங்களே வண்டி பூட்டிக்கொண்டு வருவோம்.”

இதை எழுதியவர் ஆனைத்துறை ஓலைக்காரர் நன்னி. கெட்ட எண்ணம் என்பது அவர் ஏழு தலைமுறையிலும் கிடையாது. எங்கள் மேட்டு நாட்டில், கதிர் உதிர்த்த தாளைக் குவித்து, மேலே வேய்ந்து, கோடை முழுதும் மாட்டுக்குப் பிடுங்கிப் போடும் வைக்கோற்குவியலுக்குப் போர் என்று பெயர். தங்கள் நாட்டில் அதைப் படப்பு என்பார்கள் என்பதும், அங்கே போர் என்றால் வாளும் வேலும்தான் என்பதும் நன்னிக்குத் தெரியாது. “வைக்கோல்” என்ற சொல்லை முன்னால் சேர்த்திருக்கலாமே என்று கேட்டோம். இரண்டு வருட வறட்சியில் பனையோலையும் மொறுமொறுத்துப் போய்விட்டது என்றும், எழுத்தாணி பட்டாலே பிளக்கிறது என்றும், ஆகவே சொல்லைச் சுருக்கினார் என்றும் தெரிந்தது. வைக்கோலையும் மாட்டையும் விளக்கமாகச் சொன்ன முன் ஓலையோ தங்களை வந்து சேரவேயில்லை. அதைச் சுமந்துவந்த பொதியெருது, வழியில் ஆள் அசந்த நேரத்தில், பசி தாளாமல் அதையே தின்றுவிட்டது. ஓலையில் எழுதியிருந்ததும் அந்த எருதின் பசியைப் பற்றித்தான்.

விளையாட்டாகச் சொன்னாலும் எங்கள் நிலைமை விளையாட்டாக இல்லை. ஆவணிப் புழுக்கம் வந்துவிட்டது, மழை அண்டையில் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். மழை விழுந்தவுடன் உழ வேண்டும். உழ மாடு வேண்டும். விழுந்த மழைக்குப் புல் தலைகாட்டி மாடு வாய்வைக்கும் அளவு வளரும்வரை, அந்த வயிறுகளுக்கு ஏதாவது போட வேண்டும். கடைசிப் போரின் அடித்தட்டையும் சுரண்டிப் போட்டாயிற்று. மாடு போனால் மழை வந்தும் பயனில்லை என்ற நிலையில்தான் நன்னி எழுத்தாணியை எடுத்தார்.

இனித் தங்கள் பக்கத்துக் கதை. இது ஏனாதியே எங்களிடம் வாய்விட்டுச் சொன்னது.

அவ்வோலை தங்கள் அவையில் வாசிக்கப்பட்டபோது, அதை மறுபடியும் வாசிக்கச் சொன்னீர்களாம். இரு நாட்டுக்கும் பாட்டன் காலம் முதல் பகை இல்லை. பகை இல்லாதவர்கள் வலிய வந்து போர் கேட்கிறார்கள். அதிலும் சிறுபோர் போதாதாம். தாங்கள் குரல் உயர்த்தாமலே, கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் தாமரைக்காலுக்குக் கிடையாது என்று மொழிந்து, போரை முடிக்காமல் கடம்பாற்றைத் திரும்பக் கடக்கலாகாது என்று ஏனாதிக்கு ஆணையிட்டீர்கள். கடந்தால் பட்டத்து வாளைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றும் சேர்த்தீர்கள்.

ஏனாதி காரிதாயன் தலை வணங்கி வெளியே வந்தார். அவர் சேனாபதி ஆனபின் தாமரைக்கால் படை எடுத்த ஒரே படையெடுப்பு, கரும்புத் தோட்டத்தில் புகுந்த காட்டுப்பன்றிகளின் மீதுதான். மற்றபடி தேரோட்டத்தில் கூட்டத்தை ஒதுக்குவதும், ஏரி உடைந்தால் மண்மூட்டை அடுக்குவதும் அவர் படையின் வேலை. வீரரில் பாதிப்பேர் நாற்றங்காலிலிருந்து நேராக வந்தவர்கள். இவர்களை யாரோ ஓர் ஊரார் மீது ஏவி, எத்தனை பேரைத் திரும்பக் கூட்டிவரப் போகிறோம் என்று எண்ணி எண்ணி, வழியெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இறங்காததற்குப் புழுக்கமும் ஒரு காரணம். காற்று என்பதே இல்லை. வானம் வெள்ளையாய், தாழ்வாய், வேகவைத்த துணி போலத் தொங்கிற்று. தோல்கவசத்துக்குள் வீரர்கள் நெல் புழுக்குவதுபோல் புழுங்கினார்கள். உப்புப் பானையில் உப்பு தண்ணீராயிற்று. வில்நாண் தொய்ந்தது. தோய்த்த துணி காயவில்லை. காய்ந்த துணி உடுத்தவுடன் தோய்ந்துபோயிற்று. குதிரைகளுக்கான வைக்கோல் வண்டிகள் ஏரி நீர் பாய்ந்த கரிசலில் அச்சுவரை இறங்கிப் பின்தங்கிவிட்டன. அவை வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டு, ஏனாதி படையோடு முன்னே வந்து, முழங்கால் நீரில் கடம்பாற்றைக் கடந்து ஆனைத்துறை ஏறினார்.

ஏறியவர் திகைத்து நின்றார். பகைவர் ஊர் வாசலில் மாக்கோலம். பெண்கள் குலவையிட்டார்கள். பெரிய பானைகளில் சோளக்கூழ் தயாராக இருந்தது. எல்லாருக்கும் முன்னால், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஊர் மந்தையின் பொறுப்பைக் கையில் வைத்திருக்கும் நாச்சக்கா நின்றாள். ஏனாதியைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

“வாங்க சாமி, வாங்க! எத்தன நாளா உங்க வழியப் பாத்துட்டுக் கெடக்கறோம். போரு எங்கீங்க?”

ஏனாதி தொண்டையைச் செருமிக்கொண்டு, தாமரைக்கால் படை வந்துவிட்டது, போர் நாளைக் காலை தொடங்கும் என்று அறிவித்தார்.

“நாளைக்கா? அட, அது வரைக்கும் தாங்காதுங்க! இப்பவே ஆரம்பிச்சிரலாம். ஆளுக எல்லாரும் தயாரா நிக்கறாங்க பாருங்க, பொம்பளைக மொதக்கொண்டு.”

அவர் பார்த்தார். உண்மைதான். ஆணும் பெண்ணுமாக ஊரே நின்றது. ஒவ்வொருவர் கையிலும் இரட்டை முனையுள்ள கவைக்கோல். வைக்கோல் அள்ளும் கோல் அது என்பது ஏனாதிக்கு அப்போது தோன்றவில்லை. ஈட்டிக்கு ஒரு முனைதான், இவர்களுக்கு இரண்டு என்றே தோன்றியது.

“பெரும்போருதானுங்களே?” என்றாள் நாச்சக்கா, சந்தேகம் தெளிய.

“பெரும்போரே,” என்றார் அவர்.

“எத்தன ஒசரம் வருமுங்க?”

போருக்கு உயரம் உண்டு என்று அவர் எந்தப் படைநூலிலும் படித்ததில்லை. இருந்தாலும் சேனாபதி விடை சொல்லாமல் நிற்கலாகாது. “எங்கள் வேந்தர் புகழ் எவ்வளவு உயரமோ அவ்வளவு,” என்றார்.

நாச்சக்கா வாயைப் பிளந்தாள். திரும்பி ஊராரைப் பார்த்துக் கத்தினாள். “ஏய், அந்தப் பெரிய ஏணியக் கொண்டாங்கடா!”

கூழ் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்வது வீரமா, குடிப்பது வீரமா என்று தெரியாமல் வீரர்கள் ஏனாதி முகத்தைப் பார்த்தார்கள். அவர் முதல் மடக்கு குடித்தார். பிறகு எல்லாரும் குடித்தார்கள். ஒருவர் மறுபடியும் கேட்டு வாங்கினார்.

தாமரைக்கால் நாட்டு முறையில், முரசு மும்முறை ஒலித்த பின்னரே படை ஆயுதம் எடுக்கலாம் என்பது தாங்கள் அறிந்ததே. எதிரியே அவசரப்படுத்துகிறான் என்றால் காத்திருப்பதில் பொருளில்லை என்று ஏனாதி துறைமேட்டில் முரசை இறக்கச் சொன்னார். முரசுக்காரர் சடையன் தோளைச் சுழற்றி ஓங்கி ஓர் அடி அடித்தார்.

முரசு “தொப்” என்றது.

“என்னவே சடையா, முரசுக்குள்ள சோத்தக் கீத்த வச்சிருக்கீரா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பும் வந்தது.

சடையன் தோலைத் தடவிப் பார்த்தார். “எசமான், புழுக்கத்துல தோலு நமுத்துப் போய்க் கிடக்கு. எத்தன அடிச்சாலும் இப்படித்தான் தொப்பு தொப்புங்கும். அனல் காட்டணும். ஒரு கை வைக்கோல் இருந்தா நிமிசத்துல ஏத்திருவேன். நம்ம வண்டி இன்னும் வரலியே.”

“அந்த ஊர்க்காரங்ககிட்டக் கேளும்,” என்றார் ஏனாதி. போர் தொடங்கப் பகைவரிடமே வைக்கோல் கடன் கேட்பது முறையா என்று ஒரு நொடி யோசித்ததாகவும், இவ்வளவு அன்பாகப் போருக்கு வருபவர்கள் ஒரு கை வைக்கோலுக்கா மறுப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டதாகவும் எங்களிடம் சொன்னார்.

சடையன் போனார். சற்று நேரத்தில் நாச்சக்காவே அவரோடு விறுவிறுவென்று மேடேறி வந்தாள். முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு இல்லை.

“ஏனுங் சாமி, இவரு எங்ககிட்ட வந்து வைக்கோல் கேக்கறாரு. வெளையாடறீங்களா? எங்ககிட்ட வைக்கோல் இருந்தா நாங்க எதுக்குங்க உங்ககிட்டப் போர் கேக்கறோம்?”

“வைக்கோலுக்கும் போருக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “போருன்னா வைக்கப்போருங்க. வேற என்ன போரு?”

சடையன்தான் மெல்ல, காதோடு காதாகச் சொன்னார்: “எசமான்... படப்பு. இவுக படப்பக் கேட்டிருக்காவ.”

ஏனாதி காரிதாயன் அப்படியே பின்னால் உட்கார்ந்தார். பின்னால் இருந்தது முரசு. அது மறுபடியும் “தொப்” என்றது.

நாச்சக்காவின் கண் இப்போதுதான் ஈட்டிகளின் மீது ஓடியது. வில்லின் மீது, வரிசையாக நிற்கும் கேடயங்களின் மீது ஓடியது. “அப்ப இதெல்லாம்... எங்களக் குத்தறதுக்குங்களா கொண்டாந்தீங்க?” என்றாள். பிறகு, அதைவிட மெதுவாக, “எங்க கூழக் குடிச்சுப்போட்டு?”

பின்வரிசையில் மறுமுறை கூழ் வாங்கியவர் கலயத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் கோபத்தில் போய்விடுவாள் என்று ஏனாதி எதிர்பார்த்தார். அவள் போகவில்லை. “வாங்க, ஒண்ணு காட்டறேன்,” என்று அவரைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போனாள்.

தொழுவத்தில் உழவுமாடுகள் நின்றன என்று எழுத முடியாது, நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. படுத்தால் எழாது என்பதால், வயிற்றுக்குக் கீழே பாயையும் சாக்கையும் கொடுத்து, உத்தரத்தில் கயிறு போட்டுத் தாங்கியிருந்தார்கள். சாம்பல் நிற மயிலைக்காளை ஒன்று மட்டும் அவரை நிமிர்ந்து பார்த்தது. அதன் நெற்றியை நாச்சக்கா வருடினாள்.

“இந்தப் புழுக்கம் சும்மா போகாதுங்க சாமி. இன்னிக்கோ நாளைக்கோ கொட்டிரும். கொட்டட்டும், நல்லதுதான். ஆனா அன்னைக்கு இவன் காலு ஊனலைன்னா ஏரை நான்தான் இழுக்கோணும். நான் இழுப்பேனுங்க, எத்தன ஏரை இழுக்கறது, சொல்லுங்க?”

ஏனாதி வெளியே வந்தார். ஆற்றுக்கு அப்பால், கரிசலிலிருந்து மீண்ட அவருடைய வண்டிகள் துறையை நோக்கி வரிசையாக வந்துகொண்டிருந்தன. குதிரைகளுக்கென்று தங்கள் களஞ்சியத்திலிருந்து ஏற்றிய பொன்னிற நெல்வைக்கோல், வண்டிக்கு மேல் வண்டியளவு உயரம். மேற்கே, மலைக்கு மேல், வெள்ளையாய்க் கிடந்த வானம் கறுத்துத் திரண்டுகொண்டிருந்தது.

அந்த இடத்தில் ஏனாதியின் மனம் எப்படிப் புரண்டது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். வண்டிகளைத் திருப்பிக்கொண்டு போனால் போரை முடிக்காமல் திரும்பியவர் ஆவார், வாள் போகும். வைக்கோலைக் கொடுத்தால் அரசர் பொருளைக் கேளாமல் கொடுத்தவர் ஆவார். வாளோடு வேறு என்னென்ன போகுமோ தெரியாது. தங்கள் ஆணையை மனத்துக்குள் ஒருமுறை, வாய்க்குள் ஒருமுறை, பிறகு சத்தமாகவே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கேட்டவர்க்கு இல்லை என்று சொல்லாதே என்றீர்கள். போரை முடிக்காமல் திரும்பாதே என்றீர்கள். எந்தப் போர் என்று சொல்லவில்லை.

“லே சடையா,” என்றார், “அரசர் என்ன சொன்னாரு? போரு நடத்தச் சொன்னாரா இல்லியா?”

“சொன்னாரு எசமான்.”

“அப்ப நடத்துவோம். எல்லாரையும் ஈட்டியத் திருப்பிப் புடிக்கச் சொல்லு. வண்டியெல்லாம் கரை ஏறட்டும். மழை விழுறதுக்குள்ள படப்பு எழும்பணும்!”

வேந்தே, பாட்டன் காலம் முதல் செம்பரம்பு நாடு பார்த்த போர்களில் இதுபோல் ஒன்று இல்லை. இரு நாட்டாரும் ஒரே நேரத்தில் களத்தில் இறங்கினார்கள். அதனால் உடனே சண்டையும் மூண்டது. எங்கள் ஊரார் போரை நீளமாகப் போட வேண்டும் என்றார்கள். தங்கள் வீரர் வட்டமாகத்தான் போட வேண்டும் என்றார்கள்.

“நீட்டமாப் போட்டா மழைத்தண்ணி உள்ள எறங்குமேய்யா! என்ன ஊருவே இது?”

“வட்டமாப் போட்டா மாட்டுக்கு எந்தப் பக்கம் புடுங்கறதாமா? சுத்திச் சுத்தி வரோணுமா?”

இப்போரில் நடந்த ஒரே கைகலப்பு இதுதான்; அதுவும் இருவர் தலையில் ஒரே கட்டு வைக்கோல் விழுந்ததோடு முடிந்தது. நாச்சக்கா நடுவில் புகுந்து, அடி நீளமாகவும் முடி வட்டமாகவும் இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். அப்படியொரு உருவம் அதற்கு முன் எந்நாட்டிலும் இருந்ததில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானைபோல் இருக்கிறது.

ஈட்டிகளால் கட்டுகள் மேலே போயின. ஏனாதி பட்டத்து வாளை உருவினார். உருவி, வைக்கோற்புரிகளை அளவாக அறுத்துக் கொடுத்தார். அவர் வாள் அதுவரை எதையும் அறுத்ததில்லை என்பதால் கூர் நன்றாகவே இருந்தது. குதிரைகள் வைக்கோலைப் பார்த்துக் கனைத்தன. எங்கள் வறட்சிக்கும் விளைந்த கொள்ளு, விதைக்கென்று ஊர்க் குதிரில் கொஞ்சம் இருந்தது. அதைத் திறந்துவிட்டார்கள், குதிரைகள் சமாதானமாயின.

முடி வேயும் முன்னே முதல் துளி விழுந்தது. வைக்கோல் நனைந்தால் அழுகும். அழுகியதை மாடு தொடாது. நாச்சக்கா கீழேயிருந்து வாய்விட்டு அலறினாள். வேயப் பனைமட்டை போதவில்லை. அப்போது ஏனாதி தன் கேடயத்தைத் தோளிலிருந்து கழற்றி, ஏணியில் ஏறி, உச்சியில் கவிழ்த்து வைத்தார்.

“கேடயத்தக் கொண்டா! எல்லாத்தையும் கொண்டா! ஓடு வேயுத மாதிரி அடுக்குலே!”

கைக்குக் கை கேடயங்கள் ஏறின. கொட்டத் தொடங்கிய மழையில் வீரர்கள் வைக்கோல்மேல் குப்புறப் படுத்து, அடுக்கிய கேடயம் நழுவாமல் பிடித்துக்கொண்டார்கள். இடுப்புப் பிடித்தவர் விழுந்தது இந்தக் கட்டத்தில்தான். விழுந்தவர் கீழே கிடந்தபடியே, இன்னும் இரண்டு கேடயம் இடப்பக்கம் வேண்டும் என்று வழிசொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் வராத மழை, வட்டியும் முதலுமாக, அந்த மாலை முழுதும் பெய்தது. அதன் அடி கேடயங்கள் மேல் தடதடவென்று விழுந்தது. துறைமேட்டில் தனியே கிடந்த முரசின் மேலும் விழுந்தது. தொப்பு, தொப்பு, தொப்பு என்று அது ஒலித்தது. மும்முறைக்குக் குறையவில்லை என்று சடையன் சாட்சி சொல்கிறார். ஆகவே, சற்றுப் பிந்தியேனும், தங்கள் நாட்டு முறையும் வழுவவில்லை.

மழை தணிந்ததும் நாச்சக்கா பக்கவாட்டில் கையை முழங்கைவரை விட்டு ஒரு பிடி உருவினாள். முகர்ந்தாள். கசக்கினாள். சரசரவென்று சத்தம் கேட்டது. அந்தப் பிடியோடு தொழுவத்துக்கு ஓடினாள். தங்கள் தாமரைப்பூக் கொடியை ஏனாதி போரின் உச்சியில் நட்டார். செம்பரம்பு நாட்டில் அயல்நாட்டுக் கொடி பறப்பது இதுவே முதன்முறை. அதை இறக்கச் சொல்ல எங்களில் யாருக்கும் மனமில்லை.

ஏனாதி ஏன் இன்னும் திரும்பவில்லை என்பது அடுத்தது. அன்றைய மழைக்கு மலையிலிருந்து வெள்ளம் இறங்கி, கடம்பாறு கரை தொட்டு ஓடுகிறது. இவ்வோலையைச் சுமந்த ஆள் மேல்கணவாய் சுற்றி வருகிறான். படையும் குதிரையும் அவ்வழி வர இயலாது. அதுவரை சும்மா இருக்க முடியாது என்று தங்கள் வீரர்கள் எங்கள் ஏர்களில் கைவைத்துவிட்டார்கள். ஏனாதியும் ஓர் ஏர் பிடித்தார். அவர் உழுத சால் வளைந்து வளைந்து போய், பக்கத்து நிலத்தில் முடிந்தது. அதை நாச்சக்கா ஊருக்கெல்லாம் காட்டிச் சிரித்துவிட்டு, அதிலும் விதைத்திருக்கிறாள். அவர் ஏரில் பூட்டியிருந்தது மயிலைக்காளை. கயிறு இல்லாமல், தன் காலிலேயே நின்றது. நின்றதோடு இல்லாமல் அவரை இழுத்துக்கொண்டும் போனது. தொழுவத்து மாடுகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆகவே, வேந்தர் பெருமானே, அரசியார் தங்களிடம் வேண்டுவது இது. ஏனாதியிடமிருந்து பட்டத்து வாளை வாங்கிவிட வேண்டாம். போரை முடிக்காமல் ஆற்றைக் கடக்கலாகாது என்பது தங்கள் ஆணை. போரை எங்கள் மாடுகள் காலையும் மாலையும் முடித்துக்கொண்டே வருகின்றன. ஒரு பக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. புல் தலையெடுக்கும் நேரத்துக்கும் வெள்ளம் வடியும் நேரத்துக்கும் சரியாகப் போர் முடிந்துவிடும். அதன்பின் ஏனாதி ஆணை வழுவாமல் ஆற்றைக் கடப்பார்.

தங்கள் அவையில் யாரேனும், வெற்றி யாருக்கு என்று கேட்டால் அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அரசியார் கருதுகிறார். ஆதலால், இப்போரில் செம்பரம்பு நாடு அடியோடு தோற்றது என்பதை இவ்வோலையால் மனமுவந்து ஒப்புகிறோம். தோற்ற நாடு திறை செலுத்துவது வழக்கம். இந்தப் பருவத்துச் சோளத்தில் முதற்கதிரும், மயிலைக்காளையின் வழியில் பிறக்கும் முதற்கன்றும், இளவரசியார் விளையாடத் தாமரைக்காலுக்கு வந்து சேரும்.

எங்கள் நாட்டு ஓலைக்காரர் அனைவருக்கும் அரசியார் இட்ட கட்டளை தங்கள் பார்வைக்கு: இனி அயல்நாட்டுக்கு எழுதும் எந்த ஓலையிலும், ஓலை பிளந்தாலும் கை வலித்தாலும், போர் என்னும் சொல்லுக்கு முன்னே வைக்கோல் என்று எழுதியே தீர வேண்டும். மீறுவோர் ஒரு பகல் முழுதும் நாச்சக்காவின் கீழ் வைக்கோல் சுமக்க வேண்டும். நன்னி முதல் ஆளாக, யாரும் சொல்லாமலே, சுமந்துகொண்டிருக்கிறார்.

முத்திரையிடும் முன் சிறிய வேண்டுகோள் ஒன்று. உழவு மும்முரமாகிவிட்டதால் இங்கே கலப்பைகள் போதவில்லை. எங்கள் மரங்களெல்லாம் வறட்சியில் பட்டு, வெடித்துப்போயின. ஆகவே நூறு வேல் அனுப்பி உதவ வேண்டுகிறோம். வேல் என்று நாங்கள் எழுதியது வேலமரத்தை. கலப்பை செதுக்கும் மரத்தை. அடியும் கிளையும் உள்ள, ஆடு மேயும் மரத்தை. சடையனையும் நாச்சக்காவையும் அருகில் உட்காரவைத்து, இருவர் வாயாலும் படித்துக் காட்டி, இருவரும் மரம் என்றே சொன்னபின் இதை எழுதினோம்.

ஆவணித் திங்கள் வளர்பிறையில், ஆனைத்துறைப் பாசறையில், மழை விட்ட வெயிலில் இவ்வோலை எழுதி முடிந்தது. செய்தி கேட்டு நேரே இங்கு வந்திருந்த அரசி பூதிநங்கையார் ஏர்முத்திரை இட்டார். தோற்ற நாட்டின் முத்திரை மட்டும் போதாது என்று, வென்ற நாட்டின் சார்பில் ஏனாதி காரிதாயன் தம் கணையாழியையும் பதித்தார். மெழுகில் ஒட்டியிருக்கும் துரும்பு வைக்கோல்தான், எடுத்துவிட வேண்டாம்.

இரு கரையும் விளைக.